எச்.ஐ.வி. உள்ளோருக்குத் துணை நிற்க மனநலப் பணியாளர்களைப் பழக்குவது எப்படி: முதன்முறை பயிற்சி நடத்துவோருக்கு

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தரும் மையத்துக்கும் மனநலப் பிரிவுக்கும் இடையே இருநூறு அடி தூரம்கூட இருக்காது. அந்த இருநூறு அடியைக் கடக்காமலே வீடு திரும்பியவர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தூக்கமில்லை, அழுகை வருகிறது என்று சொன்னதும் ஏ.ஆர்.டி. ஆலோசகர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு ரகசியத்தைக் காப்பாற்றவே பெரும்பாடு படுகிறவருக்கு, மனநோயாளி என்ற இன்னொரு பெயரையும் சுமக்கத் தெம்பு இருப்பதில்லை. துணிந்து வந்த சிலரும் இரண்டாம் முறை வரவில்லை. அதற்குப் பொறுப்பு எங்களுடையது. மனச்சோர்வைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்தது, எச்.ஐ.வி.யோடு வாழ்வது எப்படி என்று தெரியவில்லை.

உங்கள் மாவட்டத்தில் இப்படியொரு பயிற்சியை நடத்தும் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. நோய்களின் பட்டியலைப் படித்துக் காட்டுவதால் இந்த வேலை நடக்காது. வந்தவர் மறுபடியும் வருகிறாரா என்பதுதான் அளவுகோல். ஒவ்வொரு படியையும் அதை மனத்தில் வைத்தே அமைக்க வேண்டும்.

1. ஆட்களும் நாட்களும்

ஒரு அணியில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். மனநல மருத்துவர், உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், செவிலியர் ஆகிய நால்வரும் ஒரே அறையில் இருக்கட்டும். வெளிநோயாளிச் சீட்டுப் போடுபவரையும் வார்டு உதவியாளரையும் அரை நாளாவது அழைத்து வாருங்கள். ரகசியம் பெரும்பாலும் மருத்துவரின் அறையில் உடைவதில்லை. வரிசையிலும் கவுண்டரிலும்தான் உடைகிறது.

ஒரு நாள் ஏ.ஆர்.டி. மையத்தில், இரண்டு நாள் வகுப்பு, பிறகு ஆறு மாதத்துக்கு மாதம் ஒருமுறை கூட்டம் என்பது என் கணக்கு. வகுப்பை மட்டும் நடத்திச் சான்றிதழ் கொடுத்து முடிப்பதாக இருந்தால் அந்தப் பணத்தை நோயாளிகளின் பேருந்துக் கட்டணத்துக்குக் கொடுத்துவிடலாம்.

2. வகுப்புக்கு முன்னால் ஏ.ஆர்.டி. மையம்

முதல் நாள் பாடம் எதுவும் வேண்டாம். மைய மருத்துவரின் அனுமதியோடு, பயிற்சிக்கு வந்தவர்களை இரண்டிரண்டு பேராக அங்கே அனுப்புங்கள். ஆலோசனை அறைக்குள் போகக் கூடாது. காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து இரண்டு மாவட்டம் தாண்டி வந்து மாத்திரை வாங்குகிறவர் இருப்பார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் இருப்பார். மாத்திரை டப்பாவை உடனே பையிலிருந்து எடுத்து, லேபிளைக் கிழித்து, வேறு டப்பாவில் கொட்டிக்கொள்கிற பெண் இருப்பார். டப்பாவுக்குள் மாத்திரைகள் குலுங்கும் சத்தம்கூட வீட்டில் கேட்கக் கூடாது என்று பஞ்சு அடைத்து வைப்பவர்களும் உண்டு.

அன்று மாலை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவர்களில் ஒருவர் உங்கள் பிரிவுக்கு வர வேண்டுமென்றால் இன்னும் எத்தனை விடுப்பு எடுக்க வேண்டும்?" ஏ.ஆர்.டி. தேதியும் மனநலப் பிரிவுத் தேதியும் ஒரே நாளில் அமைய வேண்டும் என்ற முடிவை அவர்களே எடுப்பார்கள். நீங்கள் சொல்லி வருவதைவிட அது நிலைக்கும்.

இந்த நோயின் கதையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக 1986இல் சென்னையில்தான் தெரியவந்தது. நுண்ணுயிரியலாளர் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் அமைந்தது. இலவச ஏ.ஆர்.டி. மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. மருந்து வருவதற்கு முன் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் இன்றும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுடைய துக்கத்துக்கு வயது இருபதுக்கு மேல். அதைத் தெரியாமல் "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

3. நம் பயத்தை முதலில் வெளியே எடுப்பது

வகுப்பின் முதல் மணி நேரம் பயிற்சிக்கு வந்தவர்களின் பயத்துக்கானது. பெயரில்லாத துண்டுச் சீட்டில், எச்.ஐ.வி. உள்ளவரிடம் தங்களுக்கு எது கூச்சமாக அல்லது பயமாக இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "கொசு கடித்தால்?", "ஊசி போடும்போது குத்திவிட்டால்?", "அவர் குடித்த டம்ளரை என்ன செய்வது?" என்று பட்டம் பெற்றவர்களே எழுதுவார்கள். யாரும் சிரிக்கக் கூடாது. நீங்களும் சிரிக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் கொடுங்கள். கொசுவாலும் டம்ளராலும் தொடுவதாலும் பரவாது. ஊசி குத்திவிட்டால் இடத்தை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, கூடிய விரைவில், 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து உங்கள் மருத்துவமனையில் எந்த அறையில் இருக்கிறது, இரவில் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சாவி இருக்கும் இடம் தெரிந்ததும் செவிலியர்களின் முகம் மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பலரும் நம்பத் தயங்கும் உண்மை: மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, அது அப்படியே நீடிக்கும்போது உடலுறவு மூலம் இணைக்குத் தொற்று பரவுவதில்லை. உலக சுகாதார நிறுவனமே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாய்ப்பாலுக்கும், ஊசியைப் பகிர்வதற்கும் இதை அப்படியே நீட்டிச் சொல்லக் கூடாது. இந்த ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஆலோசகர், பல மாதக் குற்றவுணர்வை ஒரு மாலையில் பாதியாகக் குறைத்துவிட முடியும். "என் பிள்ளையை முத்தமிடலாமா?" என்று பத்து ஆண்டுகளாகக் கேட்காமல் வைத்திருந்தவர்கள் உண்டு.

சொற்களையும் இங்கேயே திருத்துங்கள். "எய்ட்ஸ் நோயாளி", "தவறான வழியில் வந்தது" போன்றவை கோப்பில்கூட இருக்கக் கூடாது. "எச்.ஐ.வி. உள்ளவர்" போதும். அவர்கள் தங்களைப் "பாசிட்டிவ்" என்று சொல்லிக்கொண்டால் அந்தச் சொல்லை நாமும் பயன்படுத்தலாம்.

4. ரகசியம்: சட்டமும் பழக்கமும்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. வேலை, கல்வி, சிகிச்சை, குடியிருப்பு ஆகியவற்றில் பாகுபாடு காட்டக் கூடாது. மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அதே 2017இல் நிறைவேறியது. 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கிறது. அதுவும் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைக்கிறது. மனநல வார்டில் சேர்பவர் எல்லாருக்கும் வழக்கம்போல ரத்தம் எடுத்து எச்.ஐ.வி. பார்த்துவிடும் பழக்கம் எங்காவது இருந்தால், இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய இடம் அதுதான்.

வகுப்பில் அதிகம் வாக்குவாதம் வரும் இடம் கணவன் மனைவி விஷயம். "மனைவியிடம் சொல்லாமல் இருக்கிறார், நாம் சொல்லிவிடலாமா?" என்பார்கள். சட்டம் இந்த வாசலைக் குறுகலாகத்தான் திறக்கிறது. மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே இதைச் செய்யலாம். இணைக்குக் கணிசமான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்ப வேண்டும். அவரைச் சொல்லும்படி ஆற்றுப்படுத்தியும் அவர் சொல்லப்போவதில்லை என்று தெளிவாக வேண்டும். தாம் சொல்லப்போவதை அவருக்கே முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும். பிறகு இணைக்கு ஆற்றுப்படுத்தல் அளித்து நேரில் சொல்ல வேண்டும். தொலைபேசியிலோ மாமியார் மூலமாகவோ சொல்வதற்கு இடமே இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதையோ வீட்டைவிட்டு விரட்டுவதோ நடக்கும் என்று நியாயமான அச்சம் இருந்தால், சட்டம் அவருக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. கர்ப்ப காலப் பரிசோதனையில் மனைவிக்கே முதலில் தெரியவந்து, "உன்னால்தான் வந்தது" என்ற பழியும் அவள் தலையிலேயே விழுவது நம் ஊர்களில் வழக்கம். இதற்காக ஒரு முழு மணி நேரத்தை ஒதுக்குங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் குறி போடுவார்கள். எச்சரிக்கைக்காம். அந்தக் கோப்போடு வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்த ஓர் இளைஞர், அன்று மாலையே சொல்லாமல் கிளம்பிப் போனார். எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரியான தொற்றுத் தடுப்பு முறையைக் கடைப்பிடித்தால் குறியே தேவைப்படாது. பரிந்துரைச் சீட்டில் "தூக்கமின்மை, மனநல ஆலோசனை தேவை" என்ற வரி போதும். மீதியை இரண்டு பணியாளர்கள், நோயாளியின் சம்மதத்தோடு, நேரில் பேசிக்கொள்ளட்டும்.

5. முதல் பத்து நிமிடம்

பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அரை நாளை இதற்கே கொடுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில், கணவனை இழந்த ஓர் இளம் பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு இது எப்படி வந்தது?" என்பது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தொற்று எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு அன்று நான் செய்திருக்கக்கூடியது எதுவுமில்லை. பயிற்சியில் ஒவ்வொரு அணியிடமும் இதைச் சொல்கிறேன். அந்தக் கேள்வியைத் தொடவே வேண்டாம். சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் அவரே ஒரு நாள் சொல்வார்.

அதற்குப் பதிலாக எப்படித் தொடங்கலாம் என்பதை மூவர் மூவராகப் பிரித்துப் பழக்குங்கள். ஒருவர் வருபவர், ஒருவர் ஆலோசகர், ஒருவர் கவனிப்பவர். பத்து நிமிடம் பேசிவிட்டு இடம் மாற வேண்டும். தொடக்க வரிகள் இப்படி இருக்கலாம்: "வாருங்கள், உட்காருங்கள் அம்மா. இங்கே பேசுவது இந்த அறைக்குள்ளேயே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு இன்னொருவரின் உதவியைக் கேட்பேன். இன்று எதைப் பற்றிப் பேசினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் பலர் இதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கவனிப்பவர் சொற்களைக் குறிக்க வேண்டாம். கதவு மூடியிருந்ததா, நாற்காலி எவ்வளவு தள்ளிப் போடப்பட்டது, எழுதிக்கொண்டே பேசினாரா, எத்தனை முறை குறுக்கே பேசினார் என்பதை மட்டும் குறிக்கட்டும்.

வருபவராக நடிப்பதற்கு, முடிந்தால், எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகளில் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். அவர்களும் உங்களைப் போலப் பயிற்றுநர்கள். பயணச் செலவும் மதிப்பூதியமும் மற்ற பயிற்றுநர்களுக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று மேடையில் நிறுத்தி அழவைக்காதீர்கள். ஆலோசகர் பேசும்போது தங்களுக்குள் எந்த இடத்தில் கதவு மூடிக்கொண்டது, எந்த இடத்தில் திறந்தது என்று அவர்கள் சொல்லும் மூன்று வாக்கியம், உங்கள் முப்பது பக்கக் குறிப்புக்குச் சமம்.

திருநங்கையர், தன்பாலின ஈர்ப்புள்ளோர், பாலியல் தொழிலாளர் ஆகியோர் பற்றி உங்கள் அணிக்குள் என்ன எண்ணம் இருக்கிறது என்பது இந்த நடிப்பில்தான் வெளிப்படும். பாலின ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று "சிகிச்சை" அளிப்பதைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இதில் "அவரவர் கருத்து" என்று விட்டுவிட இடமில்லை.

6. உயிரை விடும் எண்ணத்தைக் கேட்கப் பழக்குவது

நோய் உறுதியான முதல் சில மாதங்களில் தற்கொலை ஆபத்து அதிகம். இணை இறந்த பிறகு, விஷயம் ஊருக்குத் தெரிந்த பிறகு, மருந்து மாற்றும்படி ஆன பிறகு மறுபடியும் கூடும். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயிற்சிக்கு வந்தவர்கள் தயங்குவார்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்: "இப்படி இருக்கும்போது வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியிருக்கிறதா?" பிறகு, "உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தீர்களா?" பிறகு, "எப்படி என்றும் யோசித்தீர்களா?" நான்காவதை மறந்துவிடுவார்கள்: "வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா? எங்கே வைத்திருக்கிறீர்கள்?" விவசாயம் செய்யும் ஊர்களில் இந்தக் கேள்விதான் உயிர் காக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கான மாத்திரைகள் ஒரே நேரத்தில் கையில் இருந்தால், நெருக்கடி தீரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க முடியுமா என்று ஏ.ஆர்.டி. மையத்திடம் கேளுங்கள்.

அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் எண் 14416, எச்.ஐ.வி. உதவி எண் 1097 இரண்டையும் எல்லாருடைய கைபேசியிலும் பதியச் சொல்லுங்கள். ஆனால் எண்ணை எழுதிக் கையில் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. அன்று மாலை அவரோடு வீடு திரும்பப் போகிறவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகே அனுப்புங்கள்.

7. மனமா, மூளையா

மனச்சோர்வு அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலை (PHQ-9) தமிழில் வைத்துப் பழக்குங்கள். மொத்த மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதல் கவனம் தேவை. ஆனால் களைப்பு, பசியின்மை, தூக்கக் குறைவு மூன்றும் நோயாலும் மருந்தாலும் வரலாம். அதனால் எதிலும் நாட்டமின்மை, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம், தாங்க முடியாத குற்றவுணர்வு ஆகியவற்றுக்குக் காதைத் தீட்டச் சொல்லுங்கள். ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது; அதற்குப் பூஜ்யத்துக்கு மேல் எந்த மதிப்பெண் வந்தாலும் உடனே பேச வேண்டும்.

புதிதாக வந்த குழப்பம், தலைவலியோடு காய்ச்சல், வலிப்பு, ஆளே மாறிப்போனது என்று வீட்டார் சொல்வது: இவற்றை மனநோய் என்று முத்திரை குத்தி மாத்திரை எழுதிவிடக் கூடாது. நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சிடி4 அளவு 200க்குக் கீழே போனவருக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, காசநோய் ஆகியவற்றால் வரும் மூளைக்காய்ச்சல், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று எல்லாம் இப்படித் தொடங்கலாம். அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். மெல்ல மெல்ல மறதியும் மந்தமும் கூடினால் எச்.ஐ.வி. மறதிநோய் அளவுகோலைச் செய்து பாருங்கள். விரல் தட்டுதல், கை அசைவு வரிசை, நான்கு சொற்களை நினைவுகூர்தல் என்று சில நிமிடங்களில் முடியும். 12க்கு 10 அல்லது அதற்குக் கீழ் வந்தால் மேற்பரிசோதனை வேண்டும்.

மது பற்றித் தனியாகக் கேளுங்கள். "குடித்த நாளில் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடக் கூடாது" என்று நம்பி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மருந்தை விடுபவர்கள் ஏராளம். குடியைக் குறைப்பது ஒரு வேலை. குடித்தாலும் மாத்திரையை விட வேண்டாம் என்பது வேறு வேலை. இரண்டாவதை முதல் நாளே செய்யலாம்.

8. மருந்தோடு மருந்து மோதும் இடங்கள்

இதை மனநல மருத்துவர்களுக்குத் தனியாக எடுங்கள். இப்போது பெரும்பாலோர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை. கார்பமசெபினும் ஃபெனிடாயினும் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். மனநிலைக் கோளாறுக்கோ வலிப்புக்கோ அவற்றை எழுதும் கை, ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேட்காமல் எழுதக் கூடாது. லித்தியமும் டெனோஃபோவிரும் சேர்ந்தால் சிறுநீரகத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். முதல் மருந்து பலிக்காமல் ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் நிலை மருந்தில் இருப்பவருக்கு அல்பிரசோலம், குவெட்டியாபின் போன்றவை உடலில் கூடிவிடும். செர்ட்ரலினும் எஸ்சிட்டலோபிராமும் டோலுடெக்ராவிரோடு பெரிதாக மோதுவதில்லை. நோய் முற்றியவர்களுக்கு மனநல மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் சாப்பிடச் சொன்னாலே சரியாவது உண்டு. முன்பு எஃபாவிரன்ஸ் சாப்பிட்டபோது வந்த பயங்கரக் கனவுகளை நினைத்துப் புது மருந்துக்கும் அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவை.

9. பிள்ளைகள்

பாட்டியிடம் வளரும் பிள்ளை, "சத்து மாத்திரை" என்று நம்பி ஆண்டுக்கணக்கில் ஏ.ஆர்.டி. சாப்பிடும். பள்ளி வயதிலேயே உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிறு குழந்தைக்கு அதன் அறிவுக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதைத் தூங்கவைக்கிறது என்பதில் தொடங்கலாம். அந்தக் கிருமியின் பெயரைச் சொல்லும் நாளில் பாட்டியும் கூட இருக்கட்டும். பயிற்சிக்கு வந்தவர்கள் பிள்ளையிடம் பேசப் பழகுவதற்கு முன் பாட்டியிடம் பேசப் பழக வேண்டும். "என் மகளைத் திட்டிவிடுவானே" என்ற அவருடைய பயம்தான் எல்லாவற்றையும் தள்ளிப்போட வைக்கிறது.

10. பயிற்சி முடிந்த பிறகு

வகுப்பு முடிந்ததும் மதிப்பெண் தாளைப் பார்த்து மகிழ வேண்டாம். மூன்று மாதம் கழித்து இரண்டே கணக்கை எடுங்கள்: ஏ.ஆர்.டி. மையம் அனுப்பியவர்களில் எத்தனை பேர் மனநலப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள். வந்து சேராதவர் அதிகம் என்றால், பரிந்துரைத்த நாளிலேயே ஓர் ஆள் கூட நடந்து போய் அறிமுகம் செய்துவைக்கட்டும். முதல் முறை வந்து நின்றுவிட்டவர் அதிகம் என்றால், ஐந்தாவது படிக்குத் திரும்பி மறுபடியும் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

மாதக் கூட்டத்தில் பெயரும் ஊரும் சொல்லாமல் ஒரு சிக்கலை மட்டும் எடுத்துப் பேசுங்கள். பணியாளர் தாம் சுமந்துகொண்டிருக்கும் பாரத்தைச் சொல்லவும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேரை இழந்த ஆலோசகர் அடுத்த நாள் காலை வழக்கம்போல நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது.

ஆலோசகர்கள் ஒப்பந்த ஊழியர்கள். மருத்துவர்கள் இடமாற்றம் பெறுவார்கள். இரண்டு பிரிவுகளிலும் யாரை அழைக்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு கூட்டத்திலும் சரிபாருங்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால், அவரை முதல் நாளே ஏ.ஆர்.டி. மையத்தின் காத்திருக்கும் பெஞ்சில் ஒரு காலைப் பொழுது உட்கார அனுப்பிவிடுங்கள்.